கண்ணை நம்பாத கால்கள்

சூரிச் ஏரியின் தென்கரையை விட்டு மலைச்சாலையில் ஏறினால் எட்செல் கணவாய் வந்துவிடுகிறது. உயரம் 950 மீட்டர். புனித மைன்ராட் பெயரில் சிறிய தேவாலயம், அதையொட்டி ஒரு விடுதி, சுற்றிலும் மாடு மேயும் சரிவுகள். ஐன்சீடல்ன் மடத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் பல நூற்றாண்டுகளாக இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். இங்கிருந்து 1,098 மீட்டர் உயரத்தில் இருக்கும் எட்செல் உச்சி, உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறும் இடம். நான் போன அன்றும் கைத்தடி ஊன்றிய பெரியவர்கள், குழந்தையை முதுகில் கட்டிய அப்பாக்கள் என்று பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது.

ரோபோ ஆய்வாளர்களுக்கு இந்த மலை வேறொரு காரணத்தால் தெரியும். சூரிச்சின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் உருவான 'எனிமல்' என்ற நாலுகால் ரோபோ ஏறி இறங்கிய மலை இது. பாதையின் நீளம் 2.2 கிலோமீட்டர், ஏற்றம் 120 மீட்டர். வழிகாட்டிப் பலகை உச்சிக்கு 35 நிமிடம் என்கிறது. ரோபோ 31 நிமிடத்தில் ஏறிவிட்டது. முழுப் பாதைக்கும் அது எடுத்துக்கொண்டது 78 நிமிடம். மனிதர்களுக்கான மலைநடைக் கணிப்பு 76 நிமிடம். வழியில் ஓரிடத்திலும் விழவில்லை. இதைப் பற்றித் தகாஹிரோ மிகியும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2022 ஜனவரியில் 'சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழில் வெளியானது.

மனிதர் நடக்கும் வேகத்தில் ஒரு இயந்திரம் ஒரு சிறு மலையை ஏறியது ஏன் பெரிய செய்தி? இதை ஆய்வகத்தில் உட்கார்ந்து கேட்பதைவிட மலையிலேயே நடந்துகொண்டு கேட்கலாம் என்று ஒரு ஆய்வு மாணவி சொன்னார். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். வெளியுலகில் ரோபோக்கள் தங்களைச் சுற்றி இருப்பதை எப்படி உணர்கின்றன என்பதில் பி.எச்டி. செய்கிறார். எனிமலை உருவாக்கிய குழுவில் அவர் இல்லை; அந்தக் குழுவின் கட்டுரைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை. ஆய்வேடு முடியும்வரை பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

காரிலிருந்து அவர் இறக்கியது ரோபோ இல்லை. ஒரு முதுகுப்பை. அதன் தோள்பட்டையிலிருந்து மேலே எழும் அலுமினியக் கம்பி. கம்பியின் நுனியில் உள்ளங்கையில் அடங்கும் லைடார், அதன் கீழே இரண்டு கேமராக்கள், நடுவில் அசைவையும் சாய்வையும் அளக்கும் சிறு கருவி. பைக்குள் கணினியும் பேட்டரியும். எல்லாம் சேர்ந்து எதைப் பார்க்கின்றன என்பதைக் காட்ட கையில் ஒரு டேப்லெட்.

"ரோபோ எல்லா நாளும் வராது அண்ணா. ஐம்பது கிலோ. இறக்கி ஏத்தவே ரெண்டு பேர் வேணும். அதின்ர கண்ணை மட்டும் நான் சுமந்து வாறன்" என்றார்.

புறப்படும் முன்

உடனே நடக்கத் தொடங்கவில்லை. தேவாலயத்துக்கு வெளியே இருந்த கல்திண்டில் பையை ஆடாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அசைவை அளக்கும் கருவிக்கு, அசையாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு கடிகாரங்களைச் சரிபார்த்தார். லைடாருக்கு ஒரு கடிகாரம், ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கடிகாரம். அவை ஒன்றோடொன்று சில மில்லிவிநாடி விலகினாலே விபரீதம்.

நம்பாமல் பார்த்தேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நடப்பவர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது விநாடிக்கு 90 பாகை வேகம் சாதாரணம். கடிகாரங்களுக்குள் 20 மில்லிவிநாடி வித்தியாசம் இருந்தால் அதற்குள் 1.8 பாகை திரும்பியாகிவிடும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் அது முப்பது சென்டிமீட்டருக்கு மேல் பிசகு. மரத்தின் பச்சை பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இல்லாத இடத்தில் ஒரு கிளை முளைக்கும். ஆய்வு மாணவர்களின் முதல் வருடம் பெரும்பாலும் இந்த மாதிரி வேலையில்தான் கரைகிறது என்றார். கட்டுரையில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும்.

புல் என்ற சுவர்

விடுதியைத் தாண்டியதும் வைக்கோலுக்காக விடப்பட்ட புல்வெளி. இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவான புல்; நடுவில் ஒற்றையடிப் பாதை. டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். திரையில் புல்வெளியே இல்லை. பாதைக்கு இருபுறமும் மேசை மாதிரி தட்டையான இரண்டு மேடைகள் நின்றன.

லைடார் லேசர் கதிரை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும். விநாடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள். ரோபோ அந்தப் புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு நடக்க முடியாது. தரையைச் சில சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு உயரம் எழுதிக்கொள்ளும். கதிர் புல்லின் நுனியில் பட்டுத் திரும்பினால் அந்தச் சதுரத்தின் உயரம் புல்லின் உயரம்தான். குனிந்து தொட்டால் வளையும் புல், வரைபடத்தில் கான்கிரீட் மேடை.

"அப்ப புல் எண்டு அடையாளம் கண்டு, நடக்கலாம் எண்டு சொல்லிக் குடுத்தால் போதாதா?" என்று அவர் பாணியிலேயே கேட்டுப் பார்த்தேன்.

சிரித்தார். பாதையோரப் புல்லைக் கையால் விலக்கினார். உள்ளே முழங்கால் அளவு பாறை ஒன்று கிடந்தது. இரண்டடி தள்ளி மழைநீர் அறுத்த பள்ளம். "எல்லாப் புல்லும் நடக்கலாம் எண்டு சொல்லிக் குடுத்தா இதில கால் முறியும். எல்லாப் புல்லும் சுவர் எண்டு சொன்னா, ரோபோ கார் நிப்பாட்டின இடத்திலயே நிக்கும்."

இந்தச் சிக்கலுக்கு ஈ.டி.ஹெச்சும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எளிமையான வழியைக் காட்டியது. எது நடக்கத்தக்கது என்று மனிதர் உட்கார்ந்து படங்களில் குறித்துத் தர வேண்டாம். ரோபோவை அந்த இடத்திலேயே சில நிமிடம் ஒருவர் ஓட்டிக் காட்டட்டும். எந்த வேகத்தில் போகச் சொன்னோம், உண்மையில் எந்த வேகத்தில் போனது என்று ரோபோ ஒப்பிட்டுக்கொள்ளும். தடையில்லாமல் போன இடம் கேமராவில் எப்படித் தெரிந்ததோ, அந்த மாதிரித் தெரியும் மற்ற இடங்களும் நடக்கத்தக்கவை என்று அங்கேயே கற்றுக்கொள்ளும். புல்லின் உயரத்தைப் பார்த்து மிரளாது. ஒளிந்திருக்கும் பாறையை இதுவும் காட்டிக் கொடுக்காது. ஆனால் எட்டிப் பார்ப்பதற்கும் மிதித்துப் பார்ப்பதற்கும் நடுவே ஒரு பாலம் போட்டது.

புல்வெளியின் முடிவில் மாடுகளுக்கான மின்வேலி. மெல்லிய கம்பி, என் கண்ணுக்கே கிட்ட வந்தபிறகுதான் பட்டது. டேப்லெட்டில் வேலிக் கம்பங்கள் வரிசையாக நின்றன, கம்பியைக் காணோம். லைடாரின் இரண்டு கதிர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, தூரம் போகப்போக அகலமாகும். கம்பி அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். கதிர் பட்டாலும், ஒன்றிரண்டு புள்ளிகள்தான் திரும்பும். மென்பொருள் அவற்றைத் தூசி என்று கழித்துவிடும். வளையும் புல்லைச் சுவராகவும், அதிர்ச்சி தரும் வேலியை வெற்றிடமாகவும் காட்டிய அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குருடாக நடந்த காலம்

ஏற்றம் கூடியது. சரளைக்கல் பாதை. மூச்சு வாங்கியதால் அவர் நிறுத்திப் பேசினார், நான் கேட்டுக்கொண்டேன்.

எனிமல் இந்த மலைக்கு வருவதற்கு முன்பு, அதே ஆய்வகம் 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் ரோபோவுக்குக் கண்ணே கிடையாது. கேமரா, லைடார் எதையும் பயன்படுத்தவில்லை. மூட்டுகள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற உணர்வை மட்டும் வைத்துச் சேற்றிலும் பனியிலும் சரளையிலும் ஓடையிலும் நடந்தது. தடுக்கினால் காலைத் தூக்கி மேலே வைக்கும். விழுவதில்லை. ஆனால் எதையும் மோதிப் பார்த்தபிறகுதான் தெரிந்துகொள்ளும். அதனால் வேகம் குறைவு. உயரமான படிகள் முடியாது.

கண் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாதது ஏன்? கண் பொய் சொல்லும் என்பதால். அதுவரை பார்த்து நடந்த ரோபோக்கள் வரைபடத்தை அப்படியே நம்பி, இல்லாத மேடையில் காலை வைத்து விழுந்தன. கண்ணை முழுதாக நம்பினால் விழும். கண்ணை மூடினால் மெதுவாகும். 2022-ன் கட்டுரை இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடியது. இரவில் மின்சாரம் போனால் வீட்டுப் படியில் இறங்குகிறவர் என்ன செய்கிறாரோ அதுதான் வழி. வெளிச்சம் இருந்தவரை கண் சொன்னபடி இறங்கியவர், இருட்டியதும் காலால் தடவி அடுத்த படியைத் தேடுகிறார். அந்த மாற்றத்தை அவர் யோசித்துச் செய்வதில்லை.

இயந்திரத்துக்கு இதைக் கற்றுக்கொடுத்த முறை சுவாரஸ்யமானது. எல்லாப் பயிற்சியும் கணினிக்குள், சிமுலேஷனில். முதலில் ஒரு ஆசிரியர் நிரல்: தரையின் உண்மையான உயரம், வழுக்கும் தன்மை எல்லாம் அதற்குத் தெரியும். அதனால் நன்றாக நடக்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஒரு மாணவர் நிரல்: அதற்குக் கொடுக்கப்படுவது வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட வரைபடம். சில சமயம் சின்னப் பிசகு. சில சமயம் முழுத் தரையும் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். சில சமயம் சுத்தமாகக் குப்பை. அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு ஆசிரியரைப் போலவே நடக்க வேண்டும். மாணவருக்குள்ள ஒரே துணை, தன் கால்கள் சொல்லும் சேதி. வரைபடம் சொன்னதும் கால் சொன்னதும் ஒத்துப்போனால் கண்ணுக்கான கதவைத் திறந்துவிடுகிறது, ஒத்துப்போகாவிட்டால் சாத்துகிறது. எவ்வளவு திறப்பது, எவ்வளவு சாத்துவது என்பதுதான் கற்றுக்கொண்ட பாடம்.

நுரைப்பஞ்சுக் கட்டைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பார்வைக்குக் கெட்டியான படி. ரோபோ அதை நம்பிக் காலை வைத்தது, கால் அமுங்கியது. உள்ளே கட்டியிருந்த கணிப்பு உடனே திருத்தப்பட்டு, தரை தாழ்ந்ததாக எழுதிக்கொண்டு நடையைத் தொடர்ந்தது.

"எட்செல்ல ஏறினதை விட எனக்கு அந்தப் பஞ்சுதான் பெரிய விசயம்" என்றார். "கண் என்ன சொல்லுது எண்டு கேக்கிறது லேசு. கண் சொல்லுறதை எவ்வளவுக்கு நம்பலாம் எண்டு கேக்கிறதுதான் எங்கட ஆராய்ச்சி."

குட்டையும் செவ்வாயும்

முந்தைய நாள் மழை பெய்திருந்தது. பாதை வளையும் இடத்தில் குட்டை தேங்கி இருந்தது. திரையில் அந்த இடம் இரண்டு விதமாகத் தெரிந்தது. ஓரிடத்தில் கறுப்பு ஓட்டை. லேசர் தண்ணீரில் பட்டுச் சறுக்கி வேறெங்கோ போய்விட்டதால் எந்தப் புள்ளியும் திரும்பவில்லை. இன்னொரு இடத்தில், தரைக்குக் கீழே ஒரு மரம் தலைகீழாக நின்றது. கண்ணாடி போலத் தெறித்த கதிர், கரையிலிருந்த தளிர் மரத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. மரத்தின் தூரம் சரி, திசைதான் தப்பு. குட்டையின் ஆழம் இரண்டு விரற்கடையா, இரண்டடியா என்று எந்தப் புள்ளியும் சொல்லவில்லை.

மனிதர்களுக்கும் ஆழம் தெரியாது. ஆனால் நாம் பாதையின் போக்கைப் பார்த்து, முன்னால் போனவரின் செருப்புத் தடத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். நான் ஓரமாகப் போனேன். அவர் நேராக நடுவில் நடந்தார்; கருவிக்கு அதுதான் வேண்டும்.

கண் தரையைத் தப்பாகச் சொல்லி, அதற்குப் பெரிய விலை கொடுத்த இயந்திரம் ஒன்று உண்டு. நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி 2004-ல் செவ்வாயில் இறங்கியது. 90 நாள் வேலைக்காக அனுப்பப்பட்டது வருடக்கணக்கில் உழைத்தது. 2009-ல் 'டிராய்' என்று பெயரிட்ட இடத்தில், கெட்டியாகத் தெரிந்த மேலோட்டின் மேல் உருண்டது. ஓடு உடைந்தது, அடியில் பொலபொலவென்ற மணல். சக்கரங்கள் புதைந்தன. மாதக்கணக்கில் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து சேதி வரவில்லை. படங்களில் அந்த இடம் நடந்துபோகலாம் போலத்தான் இருந்தது. தரையின் உயரமும் நிறமும் படத்தில் தெரியும். அது எவ்வளவு எடை தாங்கும் என்பது தெரியாது.

காட்டுக்குள்

உச்சிக்குக் கீழே பாதை மரங்களுக்குள் நுழைகிறது. வெளியே கொளுத்திய வெயிலிலிருந்து நிழலுக்குள் காலடி வைத்ததும், கேமராப் படம் ஒரு கணம் முழுக்க இருண்டு, பிறகு தன்னைச் சரிசெய்துகொண்டது. நம் கண்ணும் இதைச் செய்கிறது. ரோபோவுக்கு அந்த ஒரு கணம் ஒரு அடியின் நேரம். அதற்குள் கால் எங்காவது ஊன்றியாக வேண்டும்.

காட்டுக்குள் வேறு சிக்கல்கள். தலைக்கு மேலே தாழ்ந்து நின்ற கிளை, வரைபடத்தில் பாதையை அடைத்த சுவர். சதுரத்துக்கு ஒரு உயரம்தான் என்று வைத்துக்கொண்டதன் விளைவு அது. கீழே தரை, நடுவில் காற்று, மேலே கிளை என்று மூன்றையும் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. எட்செல் நடையில் எனிமலையும் இதே சிக்கல் தொல்லைப்படுத்தியதாக அந்தக் கட்டுரை பதிவு செய்கிறது. மேலிருந்த இலைகள் வரைபடத்தை மோசமாகக் கெடுத்தன, இறக்கத்தில் மர வேர்கள் பின்னிக் கிடந்தன, தரை வழுக்கியது. பாதையின் சரிவு 38 சதவீதம்வரை போனது.

வேர்களைத் தாண்டும்போது நானும் வேகத்தைக் குறைத்தேன். ஈரமான வேரும் காய்ந்த வேரும் லைடாருக்கு ஒன்றுதான்; இரண்டுக்கும் ஒரே உயரம். கேமராவில் ஈர வேர் கொஞ்சம் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பிலிருந்து வழுக்கலைக் கணிக்க முடியுமா என்பது அவருடைய ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம். முடிகிறதா என்று கேட்டேன். மழைக்கு மறுநாள் காலையில் முடிகிறது. மத்தியானம் வெயில் இலைகளுக்கு நடுவே புள்ளிபுள்ளியாக விழும்போது காய்ந்த கல்லும் பளபளக்கிறது, அப்போது முடிவதில்லை என்றார். இலையுதிர் காலத்தில் தரை முழுக்க இலை மூடிவிடும். எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

உச்சியில்

எட்செல் உச்சியில் ஒரு உணவகம். வடக்கே சூரிச் ஏரியும் அதன் குறுக்கே ராப்பர்ஸ்வில் நோக்கிப் போகும் அணைச்சாலையும் தெரிகின்றன. தெற்கே சீல்சே நீர்த்தேக்கம். அதற்கும் அப்பால் பனிமலைகள். காப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பக்கத்து மேசைக்காரர் முதுகுப்பையின் கம்பியைக் காட்டி, வானிலை அளக்கிறீர்களா என்று ஜெர்மனில் விசாரித்தார்.

எனிமலின் மலைநடையைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடும் விவரம் ஒன்றை இங்கே அவர் சொன்னார். இந்த மலையில் எந்தப் பக்கம் போவது என்று ரோபோ முடிவு செய்யவில்லை. கூடவே நடந்த மனிதர் திசையைச் சொன்னார். காலை எங்கே, எப்படி ஊன்றுவது என்பதைத்தான் ரோபோ பார்த்துக்கொண்டது. இது சாதனையைக் குறைக்கும் சேதி இல்லை. ஆனால் காணொளியில் மனிதர் சட்டகத்துக்கு வெளியே இருப்பதால், பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வழியும் தானே தேட வேண்டிய சோதனை வேறு இடத்தில் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு நடத்திய நிலத்தடிப் போட்டியின் இறுதிச் சுற்று, 2021 செப்டம்பரில், கென்டக்கி மாநிலம் லூயிவில்லில், முன்பு சுண்ணாம்புக்கல் சுரங்கமாக இருந்த குகையில். உள்ளே சுரங்கப்பாதை, நகரத்து நிலத்தடி, இயற்கைக் குகை என்று மூன்று வகைத் தளங்களை அமைத்திருந்தார்கள். இருட்டு, புழுதி, குறுகல், பாதியில் அறுந்துபோகும் வயர்லெஸ். உள்ளே மனிதர் போகக் கூடாது. வெளியே ஒரே ஒருவர்தான் ரோபோக்களோடு பேசலாம். விபத்தில் சிக்கிய மனிதரைப் போன்ற பொம்மை, கைப்பேசி, முதுகுப்பை, கசியும் வாயு என்று ஒளித்து வைத்த நாற்பது பொருள்களை ஒரு மணி நேரத்தில் தேடி, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தை ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்ல வேண்டும். செர்பெரஸ் என்ற பன்னாட்டுக் குழுவும் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. குழுவும் தலா 23 புள்ளி எடுத்தன. சமநிலை முறிப்பு விதிப்படி செர்பெரஸ் வென்று 20 லட்சம் டாலர் பரிசு பெற்றது. அதன் நாலு எனிமல்களும் எட்செல் ஏறிய அதே நடை மென்பொருளோடு குகைக்குள் நடந்தன. எல்லாம் சேர்ந்து 1,700 மீட்டருக்கு மேல், ஒரு விழுகையும் இல்லாமல்.

நாற்பதுக்கு இருபத்து மூன்று. உலகின் தலைசிறந்த குழுக்கள், மூன்று வருடப் போட்டியின் முடிவில். "இந்தக் கணக்கைத்தான் நான் சுவரில எழுதி ஒட்டியிருக்கிறன். எங்களுக்கு இன்னும் கனக்க வேலை இருக்கு எண்டு தெரியோணும்" என்றார்.

இறங்கும்போது

இறக்கத்தில் நான் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேர நடையின் தரவு நூறு ஜிகாபைட்டைத் தாண்டும். அதைச் சீராக்கிப் பார்க்க வாரங்கள் ஆகும். பெரும்பகுதியில் ஒன்றும் நடக்காது. கருவி சரியாகப் பார்த்திருக்கும். அவருக்கு வேண்டியது அது தப்பாகப் பார்த்த சில விநாடிகள். அவற்றைத் தேடி எடுத்து, ஏன் தப்பியது என்று வகை பிரித்து வைப்பதுதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு. குறிப்பேட்டில் நாள், வானிலை, தரையின் ஈரம், வெயில் எந்தப் பக்கம், மாடுகள் குறுக்கே வந்தனவா என்பதுவரை எழுதுகிறார்.

இந்தத் துறையின் மிகப் பெரிய சங்கடம், ஒரே சோதனையை இரண்டு முறை செய்ய முடியாதது. ஆய்வகத்தில் நாற்காலியை அதே இடத்தில் வைக்கலாம். மலையில் நேற்று இருந்த புல்லை இன்று அறுத்திருப்பார்கள், குட்டை வற்றியிருக்கும். ஒரு முறை வெற்றி பெற்றது திறமையாலா, அன்றைய நல்ல வெளிச்சத்தாலா என்று பிரிப்பது கஷ்டம். அதனால் பலர் பொதுவில் கிடைக்கும் தரவுத் தொகுப்புகளில் மட்டும் சோதித்து, அரைச் சதவீதம் கூடுதல் துல்லியம் என்று கட்டுரை எழுதிவிடுகிறார்கள். வெளியே இறங்குகிறவர்களுக்கு ஒரு கட்டுரைக்கு இரண்டு மடங்கு காலம் ஆகும். உதவித்தொகை முடியும் தேதி இருவருக்கும் ஒன்றுதான்.

தேவாலயத்துக்குத் திரும்பியதும் கடைசிச் சோதனை. கருவி தன் நடையை அடிமேல் அடியாகக் கூட்டி வரைபடம் போடுகிறது; ஒவ்வொரு அடியிலும் சிறு பிழை சேர்கிறது. புறப்பட்ட கல்திண்டும் திரும்பிவந்த கல்திண்டும் திரையில் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. அருகருகே இரண்டு திண்டுகள். பழைய இடத்துக்கே வந்திருக்கிறோம் என்று மென்பொருள் கண்டுபிடித்ததும், பாதை முழுவதும் லேசாக நெளிந்து இரண்டும் ஒன்றாயின. காட்டுக்குள் சேர்ந்த பிழைதான் அதிகம் என்று அவர் குறித்துக்கொண்டார்.

இந்தத் துறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். 2011-ல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வெடிப்புகள் நடந்தபோது, மனிதர் போக முடியாத கட்டடத்துக்குள் போய் வால்வைத் திருப்ப ரோபோ இல்லையா என்று உலகம் கேட்டது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த டார்பா போட்டியின் இறுதிச் சுற்றில், 2015-ல், மனித உருவ ரோபோக்கள் கதவைத் திறக்கப் போய்க் குப்புற விழுந்த காணொளிகளைப் பார்த்து நிறையப் பேர் சிரித்தார்கள். அங்கிருந்து எட்செல் உச்சிக்கு வர ஏழு வருடம்கூட ஆகவில்லை. இதற்கு நல்ல கேமரா மட்டும் காரணமில்லை. கேமரா கெட்டுப்போகும் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு கட்டியதுதான் முக்கியக் காரணம் என்பது, மலையிறங்கியபின் எனக்குத் தெளிவாகிறது.

ரோபோ நடனமாடும், பெட்டி தூக்கும், மலையேறும் காணொளிகள் இனி உங்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கும். அவற்றை விற்கிறவர்கள் உங்கள் ஊர் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் தெருவுக்கும் வருவார்கள். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தரையை ரோபோ இதற்கு முன் பார்த்திருக்கிறதா? சட்டகத்துக்கு வெளியே நிற்கும் மனிதர் என்ன செய்கிறார்? அதன் கண் தப்பாகச் சொன்னபோது அது என்ன செய்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரோடு மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.